ப்ளோயர் சத்தம்: மோட்டாரை மாற்றும் முன் இலையைத் தேடுங்கள்

மாசி மாதம் முடிவதற்குள் எங்கள் தெரு வேப்பமரம் மொட்டையாகிவிடும். அத்தனை இலையும் எங்கே போகிறது என்று ஒரு வருஷம் தெரிந்துகொண்டேன். பாதிக்குப் பாதி என் காரின் டேஷ்போர்டுக்குள் போயிருந்தது.

டேஷ்போர்டு வழியாகக் காற்றைத் தள்ளும் விசிறிதான் ப்ளோயர். அதன் நோபை ஒன்றில் வைத்தால் 'டிக் டிக்', இரண்டில் வைத்தால் 'டர்ர்ர்', மூன்றுக்குப் போனால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. வழக்கமாகப் போகும் கடையில் ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "மோட்டார் போச்சு சார், மாத்திடலாம்" என்றார்கள். பணம் தயாராகும்வரை பார்ப்போமே என்று ஞாயிற்றுக்கிழமை நானே திறந்தேன். மூன்று ஸ்க்ரூ. உள்ளே ஒரு கை நிறைய வேப்பிலை, ஒரு ஈர்க்கு, சுங்கச்சாவடி ரசீது ஒன்று. மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே மோட்டார் இன்றும் ஓடுகிறது.

கார் வேலையே செய்து பழக்கமில்லாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். இருபது வருஷம் ஆன சின்னக் கார்களில் இந்த வேலை சுலபம். மாருதி 800, பழைய ஜென் போன்ற வண்டிகளில் வெளிக்காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் கிடையாது. கண்ணாடிக்குக் கீழே விழும் இலை நேராக விசிறிக்கே வந்து சேரும். புது வண்டிகளில் ஃபில்டர் இருப்பதால் இலை அதிலேயே தங்கிவிடும். அதற்குப் பதில் டேஷ்போர்டைப் பிரிப்பதுதான் பெரும்பாடு.

முதலில், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வோம். ப்ளோயர் என்பது 12 வோல்ட் டிசி மோட்டார். அதன் தண்டில் அணில் கூண்டு போல உருண்டையான பிளாஸ்டிக் விசிறி மாட்டியிருக்கும். வீட்டுச் சீலிங் ஃபேன் மாதிரி மூன்று இறக்கை இல்லை, விளிம்பைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்னத் தகடுகள். நடுவில் காற்றை இழுத்து ஓரமாகத் தள்ளும். தண்டு சுழல்வது பெரும்பாலும் பால் பேரிங்கில் அல்ல, வெண்கலப் புஷ்ஷில். அந்தப் புஷ் சாதாரண உலோகத் துண்டு இல்லை. பொடியை அழுத்திச் செய்தது, கண்ணுக்குத் தெரியாத துளைகள் கொண்டது. அதிரசம் எண்ணெயைக் குடித்து வைத்திருப்பதுபோல எண்ணெயைத் தனக்குள் வைத்திருந்து, சூடாகும்போது கொஞ்சம் கொஞ்சமாக விடும். வருஷங்கள் போகப்போக அந்த எண்ணெய் வற்றுகிறது. தூசியும் சேர்ந்தால் கத்த ஆரம்பிக்கிறது.

சத்தம் ப்ளோயரிலிருந்துதான் வருகிறதா?

ஸ்க்ரூடிரைவரைத் தொடும் முன் இதைப் பாருங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் நிலையில் மட்டும் வையுங்கள். ஏசி பட்டன் அணைந்திருக்கட்டும். ப்ளோயரை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். சத்தம் அதோடு சேர்ந்து வேகமெடுத்தால் குற்றவாளி ப்ளோயர்தான். எஞ்சின் ஓடும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால்தான் சத்தம் ஏறுகிறது என்றால் அது பெல்ட்டாகவோ ஆல்டர்னேட்டராகவோ இருக்கலாம். ஏசி போட்டபின் வந்து, நின்று, மறுபடி வந்தால் பானட்டுக்குள் இருக்கும் ரேடியேட்டர் விசிறியையோ கம்ப்ரஸரையோ பாருங்கள். இந்தச் சோதனையை நீட்டிக்கொண்டே போகாதீர்கள். பழைய பேட்டரி என்றால் அடுத்து வண்டியைத் தள்ள ஆள் தேட வேண்டியிருக்கும்.

ப்ளோயர்தான் என்று முடிவானதும், அதன் சத்தத்தைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். இங்கே செலவழிக்கும் ஐந்து நிமிஷம் பிறகு ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

சீரான 'டிக் டிக் டிக்', வேகம் கூடினால் 'டர்ர்ர்' என்று சேர்ந்துகொள்வது: இலை, காகிதம், குச்சி. பத்தில் ஏழெட்டு முறை நான் கண்டது இதுதான்.

காலையில் போட்டவுடன் குருவி மாதிரி 'கீச் கீச்' என்று கத்தி, ஓடி ஓடிச் சூடானதும் அடங்குவது: புஷ் வற்றிவிட்டது. வளைவில் திரும்பும்போதோ பள்ளத்தில் இறங்கும்போதோ சத்தம் மாறினால், தண்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே இடைவெளி விழுந்திருக்கிறது.

சத்தத்தைவிட அதிர்வு அதிகம், கால் வைக்கும் தரையிலும் குளோவ் பாக்ஸிலும் உதறல் தெரிகிறது: விசிறியின் சமநிலை கெட்டிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் அழுக்கு அப்பியிருக்கும், அல்லது தகடு உடைந்திருக்கும்.

'கர்ர்' என்று தொடர்ந்து உரசுவது: விசிறி தன்னைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூட்டின் சுவரைத் தொடுகிறது. தண்டில் விசிறி இறங்கியிருக்கலாம், மோட்டார் ஸ்க்ரூ லூஸாகியிருக்கலாம்.

நான்காம் வேகத்தில் மட்டும் ஓடுகிறது, மற்ற மூன்றிலும் செத்துக் கிடக்கிறது என்றால் அது சத்தக் கணக்கில் வராது. குறைந்த வேகங்களுக்கு மின்சாரம் அதைக் குறைத்து அனுப்பும் ஒரு ரெசிஸ்டர் வழியாக வருகிறது. கடைசி வேகத்துக்கு மட்டும் அதைத் தாண்டி நேராக வரும். ரெசிஸ்டர் எரிந்திருக்கிறது. ஆனால் அதை மாற்றுவதோடு விட்டுவிடாதீர்கள். இறுகிய மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கும், அந்தச் சூட்டில்தான் ரெசிஸ்டரும் கனெக்டரும் கருகுகின்றன. மோட்டாரைக் கவனிக்காமல் புது ரெசிஸ்டர் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்ச் சேரும்.

வேண்டிய சாமான்கள்

ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் இரண்டு. ஒன்று நீளமானது, இன்னொன்று கட்டை. அந்தக் கட்டை ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள், கடைசி ஸ்க்ரூ சுவரோடு ஒட்டி இருக்கும். பேட்டரி டெர்மினலுக்கு 10 எம்எம் ஸ்பேனர். சில வண்டிகளில் மோட்டார் ஸ்க்ரூவுக்கு 8 எம்எம் பாக்ஸ் ஸ்பேனர் வேண்டியிருக்கும். பெயின்ட் பிரஷ் ஒன்று, பழைய பல் தேய்க்கும் பிரஷ் ஒன்று, தையல் மெஷின் எண்ணெய், துணி, டார்ச். ஸ்க்ரூ போட ஒரு கிண்ணம். கையுறையும் மாஸ்க்கும் அவசியம், காரணம் பின்னால் வருகிறது.

கழற்றுவது

சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றுங்கள். உங்கள் வண்டியில் முன்பக்கப் பயணிக்கு ஏர்பேக் இருந்தால், டெர்மினலைக் கழற்றியபின் பத்து நிமிஷமாவது சும்மா விடுங்கள். மஞ்சள் உறை போட்ட வயர் எதையும் தொடாதீர்கள். பழைய சின்னக் கார்களில் பெரும்பாலும் அந்தக் கவலை இல்லை.

இடதுபக்க முன் சீட்டை முடிந்தவரை பின்னால் தள்ளுங்கள். வலதுபக்க ஸ்டியரிங் வண்டிகளில் ப்ளோயர் இடதுபக்கம், குளோவ் பாக்ஸுக்குப் பின்னாலோ அடியிலோ இருக்கும். குளோவ் பாக்ஸைக் காலி செய்து, அதன் ஸ்க்ரூக்களை எடுத்தாலோ பக்கவாட்டுக் கொக்கிகளை உள்ளே அமுக்கினாலோ இறங்கி வந்துவிடும். குளோவ் பாக்ஸ் பொருந்தும் சட்டம் கையை இடித்தால் அதையும் கழற்றுங்கள். கஞ்சத்தனம் பார்த்துச் சந்தில் கையை விட்டு மல்லுக்கட்டினால் தோல் போகும்.

இப்போது தலை கீழே, கால் சீட்டின் மேலே என்று படுக்க வேண்டும். அழகாக இருக்காது. ஐம்பதைத் தாண்டியவர்கள் சீட்டையே கழற்றி வெளியே வைத்துவிடுவது நல்லது. நாலு போல்ட்தான், முதுகுக்கு அது செய்யும் நன்மை பெரிது.

மேலே பார்த்தால் கறுப்பு பிளாஸ்டிக் கூடு ஒன்று தெரியும். அதன் அடியில் வட்டத் தட்டு, நடுவே மோட்டாரின் முதுகு. இரண்டு வயர் கொண்ட கனெக்டர், சில மாடல்களில் சுண்டுவிரல் தடிமனில் ரப்பர் குழாய் ஒன்று. எதையும் தொடும் முன் போனில் இரண்டு கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டும்போது எந்தப் பக்கம் எது இருந்தது என்ற வாக்குவாதத்தை அந்தப் படம் தீர்த்துவைக்கும்.

கனெக்டரின் பூட்டை அமுக்கிக்கொண்டு இழுங்கள். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. ரப்பர் குழாயை மெல்ல உருவுங்கள். மோட்டாரைக் குளிர்விக்கும் காற்று அதன் வழியாகத்தான் போகிறது. திரும்ப மாட்ட மறந்தால் மோட்டார் சூடாகியே சாகும். பிறகு ஸ்க்ரூக்கள், பெரும்பாலும் மூன்று. இரண்டு உடனே கண்ணில் படும். மூன்றாவதைத் தேட போனின் செல்ஃபி கேமராவைத் திருப்பிப் பிடியுங்கள். கடைசி ஸ்க்ரூவை எடுக்கும்போது இன்னொரு கையால் மோட்டாரைத் தாங்குங்கள். முதல் தடவை நான் தாங்கவில்லை. மூக்கின் மேல் விழுந்தது.

மோட்டாரும் விசிறியும் சேர்ந்தே கீழே இறங்கும். அதோடு தூசியும் இலையும் கொட்டும், அதனால் வாயை மூடிக்கொள்ளுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வெகுநாள் நின்ற வண்டி என்றால் எலி அங்கே கூடு கட்டியிருக்கும். பஞ்சு, தேங்காய் நார், சீட்டின் ஸ்பான்ஜ் துணுக்கு எல்லாம் இருக்கும். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும். அப்படி ஏதாவது தென்பட்டால் உலர்ந்த நிலையில் பெருக்காதீர்கள். சோப்புத் தண்ணீரோ கிருமிநாசினியோ தெளித்து, நனைந்தபின் கையுறையோடு வாரிப் பையில் கட்டிப் போடுங்கள். வயரைக் கடித்திருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

சுத்தம் செய்வது

கூட்டுக்குள் டார்ச் அடித்து, கையை விட்டுத் துழாவுங்கள். விசிறி இருந்த பள்ளத்தை மட்டும் பார்த்தால் போதாது. அதற்கு மேலே காற்று நுழையும் வாயில் ஒரு தட்டுக் கதவு இருக்கும். வெளிக்காற்றா உள்காற்றா என்று மாற்றும் லீவரை நகர்த்தினால் அது அசையும். அதன் இரண்டு பக்கமும் பாருங்கள். குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் நழுவிய காகிதங்களை உள்காற்று வாய்தான் இழுத்து விழுங்குகிறது. என் சுங்க ரசீது அப்படிப் போனதுதான். கதவின் ஓரத்தில் ஒட்டிய ஸ்பான்ஜ் பழசாகிப் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தால், அந்தக் கறுப்புத் தூளையும் எடுத்துவிடுங்கள். புது ஸ்பான்ஜ் டேப் வெட்டி ஒட்டலாம்.

விசிறிக்கு வருவோம். ஒவ்வொரு தகட்டின் உட்குழிவிலும் மண் அப்பியிருக்கும். சுத்தம் செய்தால் எல்லாத் தகட்டையும் செய்யுங்கள், இல்லையென்றால் தொடவே தொடாதீர்கள். பாதியில் நிறுத்தினால் ஒரு பக்கம் கனம் குறைந்து, இல்லாத அதிர்வு புதிதாக வரும். தகட்டில் எங்காவது சின்ன உலோக கிளிப் மாட்டியிருந்தால் அதை அழுக்கு என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள். சமநிலைக்காகத் தொழிற்சாலையிலேயே மாட்டியது. வண்டிச் சக்கரத்துக்கு ஈயம் வைக்கிறார்களே, அதே கணக்குத்தான்.

விசிறியைத் தண்டிலிருந்து கழற்றாமலேயே பிரஷ் போட்டுத் தேய்க்க முடியும். கழற்றத்தான் வேண்டும் என்றால், முதலில் தண்டில் அது எந்த உயரத்தில் நிற்கிறது என்று மார்க்கரில் கோடு போடுங்கள். நட் இருந்தால் கவனம். சிலவற்றில் இடது மறை இருக்கும், வழக்கமான திசையில் பலம் போட்டால் இன்னும் இறுகும். கழற்றிய விசிறியைச் சோப்புத் தண்ணீரில் கழுவலாம். மோட்டாரில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது.

எண்ணெய் விடுவது

இலைதான் காரணம் என்றால் உங்கள் வேலை ஏறக்குறைய முடிந்தது. கீச்சுச் சத்தம்தான் என்றால் இங்கே நில்லுங்கள்.

விசிறியின் ஓரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். தண்டு மேலும் கீழுமாக லேசாக நகர்ந்தால் பரவாயில்லை, அது இயல்பு. பக்கவாட்டில் 'கடக் கடக்' என்று ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது, எண்ணெய் சில வாரங்களுக்குத்தான் வாயை அடைக்கும். ஆட்டம் இல்லாமல், கையால் சுற்றும்போது இறுக்கமாக மட்டும் இருந்தால் எண்ணெய்க்குப் பலன் உண்டு.

தண்டு மோட்டாருக்குள் நுழையும் இடத்தைத் துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள். இரண்டு என்றால் இரண்டுதான். வழிந்து உள்ளே ஓடினால், மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ்ஷில் பட்டு, கார்பன் பொடியோடு சேர்ந்து கறுப்புச் சேறாகிவிடும். பிறகு மோட்டார் விட்டு விட்டு ஓடும். முடிந்தால் முன்கூட்டியே ஹேர் டிரையரால் அந்த இடத்தை லேசாகச் சூடாக்குங்கள், எண்ணெய் துளைகளுக்குள் நன்றாக இறங்கும். தண்டு மேல்நோக்கி இருக்கும்படி இரண்டு மணி நேரம் நிறுத்திவைத்து, கையால் அவ்வப்போது சுற்றிவிட்டு, மிச்சத்தைத் துடைத்தெடுங்கள்.

எது விடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடித்தால் சத்தம் அந்த நொடியே நிற்கும், அதனால்தான் எல்லோரும் அதை நம்புகிறார்கள். அது 1953-இல் ஈரத்தை விரட்டுவதற்காக உருவானது. பெயரில் உள்ள எழுத்துகளே அதைத்தான் சொல்கின்றன: 'வாட்டர் டிஸ்ப்ளேஸ்மென்ட்', அதாவது நீரை விரட்டுவது. புஷ்ஷுக்குள் மிச்சம் இருந்த நல்ல எண்ணெயையும் கழுவிக்கொண்டு ஆவியாகிவிடும், சத்தம் முன்பைவிடப் பலமாகத் திரும்பும். அடுத்தது நம் வீட்டு சர்வரோக நிவாரணி, தேங்காய் எண்ணெய். நானும் விட்டுப் பார்த்திருக்கிறேன். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையத் தொடங்கும். மார்கழிக் காலையில் மோட்டார் நகரவே யோசித்தது, நாளாக ஆகப் பிசுபிசுத்துத் தூசியையும் பிடித்துக்கொண்டது. கிரீஸும் வேண்டாம், துளைகளை அடைத்துவிடும்.

பின்பக்கப் புஷ் ஒன்று உண்டு, அது பெரும்பாலும் தகர மூடிக்குள் ஒளிந்திருக்கும். அதற்காக மோட்டாரைப் பிரிக்கலாமா என்றால், முதல் தடவைக்காரர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதே. மூடியை எடுத்ததும் கார்பனைத் தள்ளும் ஸ்பிரிங் எகிறும், உள்ளே சுழலும் பாகமான ஆர்மேச்சரைக் காந்தம் இழுத்துக்கொள்ளும். ஆட்டோ எலக்ட்ரீஷியனிடமோ காயில் கட்டும் கடையிலோ கொடுத்தால் புஷ்ஷும் கார்பனும் மாற்றித் தருவார்கள். மோட்டாரை நீங்களே கழற்றிக் கொண்டுபோவதால் கழற்றிமாட்டும் கூலி மிச்சம்.

ஓட்டிப் பார்த்து மாட்டுவது

கூட்டுக்குள் ஏற்றும் முன் கனெக்டரை மட்டும் மாட்டி, பேட்டரியை இணைத்து, ஒருவர் மோட்டாரை இறுகப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் முதல் வேகத்தில் போடுங்கள். கிளம்பும்போது ஒரு உதறு உதறும், கை நழுவக் கூடாது. துப்பட்டா, தளர்ந்த முடி, சட்டைக் கை எல்லாம் விலகி இருக்கட்டும். கையில் இருக்கும்போதே அதிர்ந்தால் குறை விசிறியில் அல்லது புஷ்ஷில். கையில் அமைதியாக ஓடி, மாட்டியபின் கத்தினால் கூட்டில் எங்கோ உரசுகிறது. விசிறி கோடு போட்ட உயரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்.

பேட்டரியிலிருந்து தனி வயர் இழுத்துச் சோதித்தால், நடுவில் ஃபியூஸ் ஒன்று வையுங்கள், பிளஸ் மைனஸ் மாறக் கூடாது. மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். இந்த வகை விசிறி அப்போதும் காற்று தரும், ஆனால் பலவீனமாக. வயரை மாற்றிப் போட்டுவிட்டு 'சத்தம் போச்சு, காற்றும் போச்சு' என்று குழம்புகிறவர்கள் உண்டு.

திரும்ப மாட்டும்போது மறுபடி பேட்டரியைக் கழற்றிக்கொள்ளுங்கள். ஸ்க்ரூக்கள் பிளாஸ்டிக்கில் தானே மறை வெட்டிக்கொண்டு போனவை. ஒவ்வொன்றையும் முதலில் கழற்றும் திசையில் மெல்லச் சுற்றுங்கள், 'டக்' என்று பழைய மறையில் விழும். அதன்பிறகு இறுக்குங்கள். நேரடியாகத் திருகினால் புது மறை வெட்டும், மூன்றாம் முறை பிடியே இருக்காது. ஏற்கெனவே பிடி போயிருந்தால் சற்றுத் தடிமனான ஸ்க்ரூ போடலாம். நீளம் மட்டும் கூடக் கூடாது, முனை விசிறியில் இடிக்கும். ரப்பர் குழாய், கனெக்டர், குளோவ் பாக்ஸ், கடைசியாக பேட்டரி.

மோட்டாரே போயிருந்தால்

புஷ் மாற்றியும் பலனில்லை, விசிறி உடைந்திருக்கிறது என்றால் வேறு வழியில்லை. சென்னையில் இருப்பவர்கள் புது உதிரிபாகத்துக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, பிரித்த வண்டிப் பாகத்துக்குப் புதுப்பேட்டை என்று போவார்கள். பழைய மோட்டாரைக் கையோடு கொண்டுபோங்கள். விசிறியின் விட்டம், கனெக்டர், ஸ்க்ரூத் துளைகள், ரப்பர் குழாய் வாய், சுற்றும் திசை ஐந்தும் பொருந்த வேண்டும். பழையது வாங்கினால் கடையிலேயே பேட்டரியில் போட்டு ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுக்க வேண்டும்.

மறுபடி இலை வராமல் இருக்க

பானட்டைத் திறந்தால், வைப்பருக்குக் கீழே காற்று நுழையும் கிரில் தெரியும். கொசுவலைக் கடையில் விற்கும் நைலான் வலையில் ஒரு துண்டு வாங்கி, கிரில்லின் அடிப்பக்கம் கேபிள் டை போட்டுக் கட்டிவிடுங்கள். மிகவும் நெருக்கமான வலை வேண்டாம், காற்று குறைந்துவிடும். எலித் தொல்லை உள்ள இடமென்றால் நைலானைக் கடித்துவிடும், மெல்லிய கம்பிவலை போடுங்கள். வண்டியை நிறுத்தும்போது லீவரை உள்காற்றுப் பக்கம் தள்ளிவிட்டு இறங்குவதும் நல்ல பழக்கம். கேபிளில் இயங்கும் பழைய கதவு அப்படியே மூடி நிற்கும்.

வலை போட்டபின் இலை கிரில்லின் மேலேயே தேங்கும், வாரம் ஒருமுறை கையால் அள்ளுங்கள். ஐப்பசி மழை தொடங்கும் முன் கண்ணாடியின் அடியில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முன்சக்கரங்களின் பின்பக்கமாக இரண்டு பக்கமும் வடிய வேண்டும். ஒரு பக்கம் வரவில்லை என்றால் அந்த வடிகால் துளையில் இலை மக்கிக் கிடக்கிறது. ஒரு கம்பியை விட்டுக் குத்திவிடுங்கள். தேங்கும் தண்ணீர் அடுத்ததாக இறங்குவது நீங்கள் இப்போது எண்ணெய் விட்ட மோட்டாரின் மேல்தான்.